கிழக்கு வாசலில் நாற்பது பேர்

வெர்னான் கோசிக் தெரிந்த முகத்திடம் டிக்கெட் கேட்கமாட்டார். அதைக் கொள்கை என்றோ பிடிவாதம் என்றோ வியாதி என்றோ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கேட்டால் அவமானம் என்பார். யாருக்கு அவமானம், கேட்பவருக்கா காட்டுபவருக்கா என்று யாராவது மடக்கினால், "ரெண்டு பேருக்கும்தான்யா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கையசைப்பார்.

ஸ்டோக்லியில் பீங்கான் ஆலை ஓடிய காலத்தில் முப்பத்தொரு வருடம் அங்கே வேலை பார்த்தவர். சூளைக்குப் போகுமுன் தட்டுகளை மெருகுத் தொட்டியில் முக்கி எடுப்பது அவர் வேலை. ஆலை மூடியபோது வயது ஐம்பத்து மூன்று. அந்த வயதுக்காரரை யார் புதிதாக வேலைக்கு வைப்பார்கள்? கொஞ்ச நாள் பள்ளிப் பேருந்து ஓட்டினார். முட்டி மக்கர் பண்ணியதால் அதையும் விட்டார். வீட்டில் உட்கார்ந்து மனைவி டோரீனின் உயிரை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஊருக்குக் கால்பந்துக் கழகம் வந்தது.

பெரிய கழகம் ஒன்றும் இல்லை. தொழில்முறை ஆட்டத்தில் மூன்றாம் பிரிவு. எங்கள் நாட்டு வழக்கப்படி எத்தனை ஜெயித்தாலும் மேல் பிரிவுக்கு ஏற்றமாட்டார்கள். காசுள்ளவன் இடத்தை விலைக்கு வாங்கித்தான் ஏற வேண்டும். ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் பகலில் வேறு வேலை பார்த்தார்கள். கோல்கீப்பர் டயர் கடையில் இருந்தான். ஆனாலும் அவர்கள் சட்டையில் எங்கள் ஊரின் பெயர் இருந்தது. கழகத்தின் பெயர் ஸ்டோக்லி சூளைக்காரர்கள். ஆலை போன பிறகு ஸ்டோக்லி என்ற பெயர் வெளியூர்ப் பத்திரிகையில் வந்தது கழகம் இருந்த பதினொரு வருடம்தான், அதுவும் பெரும்பாலும் தோற்ற செய்தியாக.

மைதானத்தில் பார்வையாளர்களுக்கான கிழக்கு மேடை ஆலையின் பழைய சூளைச் சுவரை ஒட்டிக் கட்டப்பட்டது. அங்கே நாற்காலி கிடையாது, நின்றுதான் பார்க்க வேண்டும். ஊர்க்காரர்கள் எல்லாரும் அங்கேதான். நம் ஆள் கோல் போட்டால் ரோசெல்லா டிமார்கோ ஒரு பழுதுத் தட்டை இரும்புப் பீப்பாய்க்குள் ஓங்கி அடித்து உடைப்பாள். ஆலை மூடியபோது அவள் புருஷன் ஜீனோ வண்டி வண்டியாக அள்ளி வந்த தட்டுகள் அவை. "இருபது வருஷத்துக்குத் தாங்கும்டி" என்று ஜீனோ சொன்னபோது, "இவனுங்க ஆடுற ஆட்டத்துக்கு இருநூறு வருஷம் தாங்கும்" என்றாள் ரோசெல்லா.

அந்த மேடைக்கு வழி விடும் கிழக்கு வாசலில், முதல் ஆட்டத்திலிருந்து டிக்கெட் பார்க்க நின்றவர் வெர்னான், எங்களுக்கு வெர்ன்.

முதலில் டிக்கெட்டைக் கையால் கிழித்தார்கள். நாலு வருடம் முன்பு பிரென்ட் ஹால்ஸ்டெட் என்ற வெளியூர்ப் பணக்காரர் கழகத்தை வாங்கினார். வாசலுக்கு வாசல் ஸ்கேன் கருவி வந்தது. வெர்ன் கழுத்திலும் ஒன்றை மாட்டிவிட்டார்கள். தெரியாத முகம் வந்தால் அவர் ஒழுங்காக ஸ்கேன் செய்வார். தெரிந்த முகம் என்றால் கருவி வயிற்றில் சும்மா கிடக்கும்.

"மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி தொங்க விட்டிருக்கியே, ஒரு நாளாச்சும் அடிக்குதா பாரு!" என்பாள் ரோசெல்லா.

"உனக்கு எதுக்குடி அடிக்கணும்? உங்க அப்பா முதற்கொண்டு எனக்குத் தெரியும். உள்ள போ, பின்னாடி ஆள் நிக்குது."

ஏமாற்று ஒன்றும் இல்லை. எல்லாரும் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் அதை வெளியே எடுக்காமல் உள்ளே போவது ஒரு தனி மரியாதை. வட்டார மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்யும் மரிவிக் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள். இரண்டு வருடம் தவறாமல் வந்தாள், தவறாமல் டிக்கெட்டை நீட்டினாள். மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை மதியம் வெர்ன் அவள் கையை ஒதுக்கிவிட்டார்.

"அதை எதுக்கும்மா நீட்டுற? உள்ள வச்சுக்கோ."

"ஸ்கேன் பண்ணலையா சார்?"

"ஊர்க்காரங்களுக்கு எதுக்கும்மா ஸ்கேன்?"

அவள் நகரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். போனதும் முதல் வேலையாகத் தங்கைக்குப் போன் போட்டாள். குடியுரிமைச் சான்றிதழ் வந்தபோதுகூட அவள் இவ்வளவு சந்தோஷப்படவில்லை என்று மருத்துவமனையில் பேசிக்கொண்டார்கள். வெர்ன் கையசைத்தால்தான் ஸ்டோக்லிக்காரர். அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

டிக்கெட் அலுவலகத்துப் பெண் இரண்டு தடவை வந்து கெஞ்சினாள். "வெர்ன், தயவுசெஞ்சு எல்லாரையும் ஸ்கேன் பண்ணுங்க. மேல கேக்குறாங்க." "ஆகட்டும்மா" என்றார். செய்யவில்லை. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, போன வருடம் போட்டிகள் தொடங்குமுன் ஹால்ஸ்டெட்டே நேரில் வந்து வெர்னுக்கு ஒரு கோட்டு கொடுத்தார். மார்பில் 'கிழக்கு வாசல்' என்று தையல் போட்டிருந்தது. "இந்தக் கழகத்தோட உயிரே நீங்கதான் வெர்ன். நீங்க எதையும் மாத்திக்காதீங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். வெர்ன் அந்தக் கோட்டை சர்ச்சுக்கும் போட்டுக்கொண்டு போனார்.

அந்த ஏப்ரலில் ஜீனோ செத்துப்போனார். கேரேஜில் தட்டுப் பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சவப்பெட்டி தூக்கிய ஆறு பேரில் வெர்ன் ஒருவர். முட்டி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு குழிவரை விடாமல் தூக்கினார்.

நவம்பரில் செய்தி வந்தது. கழகம் ஊரை விட்டுப் போகிறது. முந்நூறு மைல் தள்ளி ஒரு பெருநகரத்தின் புறத்தில் புது மைதானம், புதுப் பெயர், புதுச் சட்டை. ஹால்ஸ்டெட் கழகத்தை வாங்கியபோது நகரசபையோடு போட்ட ஒப்பந்தப்படி இன்னும் எட்டு வருடம் அவர்கள் இங்கேதான் ஆட வேண்டும். ஆனால் அதில் ஒரு ஷரத்து இருந்தது. தொடர்ந்து இரண்டு வருடம், ஆட்டத்துக்குச் சராசரி ஆயிரத்து ஐந்நூறு பேருக்குக் கீழே வந்தால் கழகம் கிளம்பிக்கொள்ளலாம். வந்தவர்கள் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு பேர்தான் என்றது ஹால்ஸ்டெட்டின் கடிதம்.

ஊரே சிரித்தது. கோபத்துக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது.

"ஆயிரத்து இருநூறாம்! அந்தாளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" உணவு விடுதியில் ரோசெல்லா மேசையைத் தட்டினாள். "கிழக்கு மேடையில கால் வைக்க இடம் இருந்துச்சா? என் தட்டு ஒருத்தன் மண்டையில படாம உடைக்கிறதுக்கே நான் தவம் கெடக்கணும்!"

"கோர்ட்டுக்குப் போவோம். வெர்ன் வந்து சொல்லட்டும். அவருக்குத் தெரியாத தலையா?" என்றான் தபால்காரன் அன்செல்.

எல்லாரும் வெர்னைப் பார்த்தார்கள். வெர்ன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்றேன். ஒவ்வொருத்தனையும் பேரோட சொல்றேன்" என்றார். ஆலை மூடிய நாளிலிருந்து ஊர் தன்னிடம் ஒன்று கேட்கும் என்று அவர் எதிர்பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் நடையே மாறிவிட்டது. முட்டிகூட வலிக்கவில்லை என்று டோரீனிடம் சொன்னார்.

நகரசபை வழக்குப் போட்டது. ஜனவரியில் அதன் வழக்கறிஞர் நோரா பெக்வித் அவரைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். வெர்ன் முகம் மழித்து, டை கட்டி, அந்தக் கோட்டையும் மாட்டிக்கொண்டு போனார். நோரா ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"வாசல் வாரியா சராசரி. வடக்கு அறுநூத்தி நாப்பது. தெற்கு அறுநூத்திப் பத்து. கிழக்கு நாப்பது."

"எது நாப்பது?"

"உங்க வாசல்."

"மேடம், தப்பா அடிச்சிருக்காங்க. என் வாசல்ல தொள்ளாயிரம் பேருக்குக் குறைஞ்சு வந்ததே இல்ல."

"எனக்கும் தெரியும். நானும் உங்க வாசல் வழியாத்தான் வருவேன்." நோரா தாளின் மேல் விரலை வைத்தார். "ஒப்பந்தத்துல விற்ற டிக்கெட் கணக்கு இல்ல, வெர்ன். கருவியில பதிஞ்ச ஆள்தான் கணக்கு. அதைக் கேட்டதே நம்ம நகரசபைதான். இலவச டிக்கெட்டை அச்சடிச்சுக் கூட்டம் காட்டிடுவாங்கன்னு பயந்து, வாசல்ல ஸ்கேன் ஆனவங்களைத்தான் எண்ணணும்னு நாமளே எழுதி வாங்கினோம்."

வெர்ன் தாளையே பார்த்தார். நாற்பது. அவருக்கு அந்த நாற்பது பேரையும் தெரியும், அதாவது, தெரியாது. தெரியாத நாற்பது பேர். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவர்கள். தெரிந்த எண்ணூற்றுச் சொச்சம் பேரையும் தன் கையாலேயே இல்லாதவர்களாக்கியிருக்கிறார்.

டிக்கெட் அலுவலகத்துப் பெண் ஏன் கேட்பதை நிறுத்தினாள் என்பதும், ஹால்ஸ்டெட் ஏன் கோட்டுக் கொடுத்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெர்ன் மெதுவாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார்.

"அப்ப நான்தானா?"

"உங்ககிட்ட ஒப்பந்தத்தை யாரும் காட்டல. நகரசபை உறுப்பினருங்களே அதை மறந்துட்டாங்க."

"நான்தானான்னு கேட்டேன் மேடம்."

நோரா அந்தத் தாளைத் திரும்ப எடுத்துக் கோப்புக்குள் வைத்தார். வெர்ன் கோட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

டோரீனிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. அவள் சூப்பைக் கிளறிக்கொண்டே கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். "மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"ரெண்டு வருஷமாவா கெட்டுக் கெடந்துச்சு?"

"ஆமான்னு சொல்லு! உனக்கு மெஷின் பத்தி என்ன தெரியும்? கிழவன், தெரியலன்னு சொன்னா நம்புவாங்க."

"பைபிள்ல கைய வச்சு சத்தியம் பண்ணிட்டா?"

"அதுல கைய வச்சுட்டு ஹால்ஸ்டெட் என்னென்ன சொல்றான்னு பாரு, அப்புறம் பேசு." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்த ஊர் உன்னைச் சும்மா விடாது வெர்ன்."

ஊர் அவரை என்ன செய்யும் என்று அவர் கவலைப்படவில்லை. ஆட்டம் போய்விடுமே என்பதுதான் அவர் கவலை. சனிக்கிழமை மதியம் அந்த வாசலில் நிற்காவிட்டால் தான் யார் என்பது அவருக்குத் தெரியவில்லை. அறுபத்தேழு வயதில் அப்படி ஒரு பயம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பிப்ரவரியில் விசாரணை நடந்தது. காலை பத்து மணிக்கு வட்டார நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. பாதிப் பேர் சூளைக்காரர்களின் செங்கல் நிறக் கழுத்துத்துணியோடு வந்திருந்தார்கள். மரிவிக் இரவுப்பணி முடித்து அப்படியே வந்திருந்தாள். ரோசெல்லா முதல் வரிசையில்.

வெர்ன் பொய் சொல்லவில்லை. கருவி நன்றாகத்தான் வேலை செய்தது, நான்தான் ஸ்கேன் செய்யவில்லை என்றார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. நிறையப் பேருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. சிலர் தங்கள் பைக்குள் கையை விட்டார்கள், பழைய டிக்கெட் ஏதாவது இருக்குமா என்று.

ஹால்ஸ்டெட்டின் வழக்கறிஞர் கெட்டவராகத் தெரியவில்லை. தணிந்த குரலில் பேசினார். "அப்போ தொள்ளாயிரம் பேர் வந்தாங்கன்னு எதை வச்சு சொல்றீங்க சார்?"

"என் கண்ணை வச்சு. எல்லாரையும் எனக்குத் தெரியும்."

"பேரோடயா?"

"பேரோட."

"நல்லது. ஒரு ஆட்டத்தை எடுத்துக்குவோம்." அவர் தாளைப் புரட்டினார். "போன வருஷம் மே மாசம் நாலாம் தேதி. யார் யார் வந்தாங்கன்னு சொல்லுங்க. முடிஞ்சவரைக்கும் சொன்னாப் போதும்."

நோரா ஆட்சேபித்தார். நீதிபதி வெர்னைப் பார்த்தார். வெர்ன், "சொல்றேன் ஐயா" என்றார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, வாசலுக்கு வந்த வரிசைப்படி சொன்னார். கம்பியோரம் இடம் பிடிக்க எப்போதும் முதலில் வரும் ப்ளெட்சர் இரட்டையர்கள். பிறகு அன்செல், அவன் மச்சான். பேக்கரி வில்மா, அவள் மூன்று மகள்கள். முடிவெட்டும் ஓட்டிஸ். கைத்தடி ஊன்றி வரும் பாதிரியார் க்ரெகோர். மரிவிக். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒருவர் நிமிர்ந்தார். யாரோ சிரித்தார்கள், யாரோ "ஆமா, நான்தான்" என்றார்கள். நீதிபதியே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெர்ன் குரல் ஏறியது. ஐம்பது பெயர், அறுபது பெயர். அந்த ஐந்து நிமிடம் எங்களுக்கு வழக்கு ஜெயித்துவிட்டது போலவே இருந்தது.

"அப்புறம் பிளம்பர் ஹோல்கர், அவன் பொண்டாட்டி. அப்புறம் ஜீனோ டிமார்கோ. அப்புறம்..."

அவர் நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். கூட்டத்தில் எல்லார் கண்ணும் முதல் வரிசைக்குப் போனது.

எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கூட்டத்தின் முகங்களைப் பார்த்துத்தான் மோப்பம் பிடித்தார். "மிஸ்டர் டிமார்கோ இன்னைக்கு வந்திருக்காரா சார்?"

"இல்ல."

"எங்க இருக்காரு?"

"செத்துட்டான்."

"எப்போ?"

"ஏப்ரல்ல." வெர்ன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் தூக்கினேன்."

"மன்னிச்சிடுங்க. வேற கேள்வி இல்லை ஐயா" என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார்.

மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கிழக்கு வாசல் வழியே நிறையப் பேர் வந்திருக்கக்கூடும் என்று நீதிபதி எழுதியிருந்தார். ஆனால் ஒப்பந்தம் கேட்பது கருவியின் பதிவை. அதைத் தள்ளிவைக்க ஒருவருடைய ஞாபகம் போதாது, அந்த ஞாபகமும் எப்படிப்பட்டது என்பதை மன்றம் பார்த்தது. அவ்வளவுதான். பதினொரு வருடம் இரண்டு பக்கத்தில் முடிந்தது.

ஊர் வெர்னை ஏசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். யாரும் ஏசவில்லை. "உன் மேல தப்பில்ல வெர்ன்" என்று கடையில் சொன்னார்கள், சர்ச்சில் சொன்னார்கள், மருந்துக் கடை வரிசையில் சொன்னார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். தப்பில்லாதவனிடம் எதற்கு அதைப் போய்ச் சொல்ல வேண்டும்? அவர் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மைதானத்திலிருந்து கோல் கம்பங்களையும் பெயர்ப்பலகையையும் லாரியில் ஏற்றிய அன்று மட்டும் போனார். டோரீன் தடுத்தும் கேட்கவில்லை. கிழக்கு வாசல் பூட்டியிருந்தது. வெளியே வேலியோரம் இருபது முப்பது பேர் சும்மா நின்றார்கள். அவரைக் கண்டதும் வழி விட்டார்கள். ரோசெல்லா மட்டும் அருகில் வந்தாள். நீதிமன்றத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

"ரோசெல்லா, நான் வேணும்னு சொல்லல. ஜீனோ பேரு வாயில அப்படியே வந்துடுச்சு."

"அதுக்கு நான் வருத்தப்படல. அவன் பேரை யாராச்சும் சொன்னா எனக்கு நல்லாத்தான் இருக்கு." அவள் லாரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மே நாலாம் தேதி எது தெரியுமா? அவனைப் புதைச்சதுக்கு அப்புறம் வந்த முத ஆட்டம். வீட்டுல இருக்க முடியல. நான் தனியா வந்தேன். உன் வாசல்ல நின்னேன். நீ ஏதாச்சும் ஒரு வார்த்தை கேப்பேன்னு நின்னேன்."

ரோசெல்லா கையை உயர்த்தி, வாசலில் அவர் அசைப்பது போல அசைத்துக் காட்டினாள்.

"நீ கையசைச்ச. என் மூஞ்சியக்கூடப் பாக்கல. உள்ள போ, உள்ள போன்னு கையசைச்ச. நானும் போயிட்டேன்." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "கோர்ட்டுலயும் நீ என் பேரைச் சொல்லல வெர்ன். வந்தவ நான். வராதவனைச் சொன்ன."

அவள் தன் கார் பக்கம் போய்விட்டாள். லாரிக்காரன் கயிற்றை இழுத்துக் கட்டினான். வெர்ன் வேலியைப் பிடித்துக்கொண்டு அந்த மே மாத மதியத்தைத் தேடினார். ப்ளெட்சர் இரட்டையர்கள் வந்தார்கள், அன்செல் வந்தான், வில்மாவும் மகள்களும் வந்தார்கள், ஹோல்கரும் பொண்டாட்டியும் வந்தார்கள். அவர்களுக்கு அடுத்து ரோசெல்லா வந்திருக்க வேண்டும். எத்தனை தடவை முதலிலிருந்து ஆரம்பித்தும் அவள் வரவில்லை. தன் கை அசைவதுதான் தெரிந்தது.